கிளிமஞ்சாரோ: குடிலில் தங்கினால் சுலபமா?

தான்சானியாவின் கிளிமஞ்சாரோவுக்கு ஏறப் பல பாதைகள் உண்டு. கூடாரம் இல்லாமல், குடிலில் தங்கி ஏறக்கூடியது மராங்கு பாதை மட்டும்தான். ‘கோகோ கோலா பாதை’ என்று அதற்குச் செல்லப்பெயர்கூட உண்டு. படுக்க மெத்தை, தலைக்கு மேல் கூரை, சமைத்துப் போட ஆள், கூடவே கைடு. இவ்வளவும் இருக்கும்போது என்ன கஷ்டம் என்று நினைத்தே முதல்முறை போகிற பலர் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த நினைப்பைத்தான் முதலில் சரிபார்க்க வேண்டும்.

‘குடில் பாதைதான் இருப்பதிலேயே எளிது.’ காலுக்கு எளிது, உண்மை. மழை பெய்தால் நனையாமல் தூங்கலாம், அதுவும் உண்மை. ஆனால் குடில்கள் இருக்கும் உயரத்தைப் பாருங்கள். மந்தாரா சுமார் 2,720 மீட்டர், ஹொரொம்போ 3,720, கிபோ 4,720. ஒவ்வோர் இரவும் முந்தைய இரவைவிட ஆயிரம் மீட்டர் மேலே தூங்குகிறோம். 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால், படுக்கும் இடத்தின் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள் என்பது மலை மருத்துவர்களின் அறிவுரை. மராங்கு அதைப்போல் இரண்டு மடங்கு ஏற்றுகிறது. கூடாரம் போட்டுத் தங்கும் மச்சாமே பாதையில் மூன்றாம் நாள் லாவா டவர் வரை, சுமார் 4,600 மீட்டருக்கு ஏறிவிட்டு, 3,950 மீட்டர் அளவில் உள்ள பரான்கோவுக்கு இறங்கித் தூங்குவார்கள். மேலே ஏறி கீழே தூங்கும் அந்த ஒரு நாள் உடம்புக்குப் பெரிய உதவி. மெத்தை அந்த உதவியைச் செய்யாது.

மராங்குவிலும் அதற்கு வழி இருக்கிறது. ஹொரொம்போவில் கூடுதலாக ஓர் இரவு தங்கி, பகலில் ஏறக்குறைய 4,000 மீட்டரில் உள்ள வரிக்குதிரைப் பாறைகள்வரை நடந்துவிட்டுத் திரும்பலாம். ஐந்து நாள் பயணம் ஆறு நாள் ஆகும். பணம் மிச்சம் என்று பலர் வெட்டுவது இந்த நாளைத்தான்.

‘மேலே காற்றில் ஆக்சிஜன் குறைவு.’ காற்றில் ஆக்சிஜனின் பங்கு உச்சியிலும் சுமார் 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். கிளிமஞ்சாரோவின் உச்சியான, 5,895 மீட்டரில் உள்ள உஹுரு சிகரத்தில் அது கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதனால் பாதியாகிறது. நம்மவர்கள் பையில் எடுத்துப்போகும் கற்பூரத்தை முகர்ந்தால் மூக்கில் குளிர்ச்சி தெரியும், ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறாது.

‘மாரத்தான் ஓடுகிறவனுக்கு உயர நோய் வராது.’ வரும். உடல் வலிமைக்கும் உயர நோய்க்கும் தொடர்பில்லை. சொல்லப்போனால், திடமான இளைஞர்கள் வேகமாக நடந்து சீக்கிரமே மாட்டிக்கொள்கிறார்கள். கைடுகள் நாள் முழுக்க ‘போலே போலே’ என்று சொல்லிக்கொண்டே வருவது அதனால்தான். சுவாஹிலியில் ‘மெதுவா, மெதுவா’ என்று பொருள்.

‘டயமாக்ஸ் மாத்திரை உயர நோயை மறைத்துவிடும்.’ மறைக்காது. சிறுநீரகம் பைகார்பனேட்டை வெளியேற்றும்படி செய்து, ரத்தத்தின் அமிலத்தன்மையைச் சற்றுக் கூட்டுகிறது. அதனால் மூச்சு ஆழமாகிறது, உடம்பு சீக்கிரம் பழகுகிறது. விரல் நுனியில் மரமரப்பு வரும், அடிக்கடி சிறுநீர் போகும். கிளம்பும் முன்பே மருத்துவரைப் பார்த்து, சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் தவறாமல் சொல்லுங்கள். குளிருக்கு இதமாக பிராந்தி, தூக்கத்துக்கு மாத்திரை என்ற இரண்டையும் மட்டும் மலையில் தொடாதீர்கள். இரண்டும் மூச்சை மந்தமாக்கக்கூடியவை.

‘கைடு இருக்கிறார், அவர் பார்த்துக்கொள்வார்.’ பார்த்துக்கொள்வார், நீங்கள் உண்மையைச் சொன்னால். தலைவலி, குமட்டல், இரவில் தூக்கமின்மை எல்லாம் கேட்டால்தான் தெரியும். திருப்பி அனுப்பிவிடுவாரோ என்று பயந்து அவற்றை மறைப்பவர்கள் நிறைய. சந்தேகம் வந்தால் கைடு ஒரு சோதனை வைப்பார். ஒரு காலின் குதிகாலை மறுகாலின் பெருவிரலோடு ஒட்டி வைத்து, நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்வார். குடித்தவர்போலத் தள்ளாடினால் மூளையில் நீர் கோக்கத் தொடங்கியிருக்கலாம். அப்போது பேச்சுக்கே இடமில்லை, கீழே இறங்க வேண்டும். இருட்டாக இருந்தாலும், உச்சி கண்ணுக்கெதிரே தெரிந்தாலும். நடக்க முடியாதவர்களை ஒற்றைச் சக்கரம் பொருத்திய இரும்புத் தூக்குக் கட்டிலில் கட்டி, முன்னும் பின்னும் பிடித்துக்கொண்டு கல்லும் மண்ணுமான பாதையில் ஓட்டமாக இறக்குவார்கள். உயிரைக் காப்பது அந்த இறக்கம்தான்.

‘சுமை தூக்குபவர்கள் உள்ளூர்க்காரர்கள், அவர்களுக்கு இது பழக்கம்.’ இந்த நம்பிக்கைதான் எனக்கு மிகவும் உறுத்துகிறது. அவர்களில் பெரும்பாலோர் மலையடிவாரக் கிராமங்களிலும் ஊர்களிலும் வாழ்பவர்கள். திபெத்தியர்களுக்குப் பரம்பரையாக வாய்த்த, உயரத்துக்கேற்ற உடல்வாகு இவர்களுக்கு இல்லை. உயர நோயும் குளிரும் அவர்களையும் தாக்கும், உயிரையும் வாங்கியிருக்கின்றன. ஒருவர் தலையில் 20 கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது விதி, வாசலில் எடையும் போடுகிறார்கள். கிபோவில் தண்ணீர் கிடையாது. அங்கே நாம் குடிக்கும் தேநீருக்கான தண்ணீர்கூடக் கீழிருந்து அவர்கள் முதுகிலும் தலையிலும் வந்ததுதான்.

‘பூமத்திய ரேகைக்குப் பக்கம், குளிர் என்ன பெரிய குளிர்?’ நள்ளிரவில் கிபோவிலிருந்து கிளம்பும்போது வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கும், விடியும் முன் உச்சியில் மைனஸ் பத்து, பதினைந்துகூட ஆகும். குடிலில் மெத்தை உண்டு, கணப்பு கிடையாது. நல்ல ஸ்லீப்பிங் பேக் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும்.

பதிவு செய்யும் முன் நிறுவனத்திடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: ஹொரொம்போவில் இரண்டு இரவு உண்டா, சுமை தூக்குபவர்களுக்கு முழுக் கூலியும் குளிருக்கேற்ற உடையும் கொடுக்கிறார்களா. இரண்டில் எதற்கு மழுப்பலாகப் பதில் வந்தாலும் வேறு நிறுவனத்தைப் பாருங்கள்.