கீழ்வேளூரிலிருந்து ஊட்டிக்கு: மலைரயில் குறிப்புகள்

சம்பா அறுவடை முடிந்த கையோடு கிளம்புங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையால் மண் சரிந்து மலைரயில் நின்றுபோவது உண்டு. தை பிற்பாதியில் வானம் தெளிவாக இருக்கும்.

கீழ்வேளூரில் ரயிலேறித் தஞ்சாவூர் போய், மன்னார்குடியிலிருந்து வரும் செம்மொழி எக்ஸ்பிரஸைப் பிடித்தால் விடியலில் கோவை. அங்கிருந்து மேட்டுப்பாளையம் பக்கம்தான். மலைரயில் காலை 7 மணியளவில் புறப்பட்டுவிடும். முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். இடம் கிடைக்காவிட்டால் பேருந்தில் குன்னூர் ஏறி, அங்கிருந்து ஊட்டிக்கு ரயில் பிடியுங்கள். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று ஊர் ஊராக நிற்கும் அழகான பகுதி அதுதான்.

ஆனாலும் கல்லாறு முதல் குன்னூர் வரையிலான ஏற்றத்தை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும். 12 அடிக்கு ஓர் அடி உயரும் பாதை. தண்டவாளத்தின் நடுவிலுள்ள பல்சட்டத்தை எஞ்சினின் பல்சக்கரம் கவ்வ, பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டே ஏறும். 1899இல் குன்னூர் வரையும் 1908இல் ஊட்டி வரையும் போட்ட இந்தப் பாதை, 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

ஊட்டியில் விடியற்காலை உறைபனி விழும். நம் மார்கழிப் போர்வை அங்கே போதாது. ஸ்வெட்டர், குல்லா, காலுறை கட்டாயம். 2,637 மீட்டர் உயர தொட்டபெட்டாவுக்குக் காலையிலேயே போங்கள், பிறகு மேகம் மூடிவிடும். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில் எடுத்துச் செல்லுங்கள்.