லாக்குக்கு விடுதலையா?

கேள்வி: பல த்ரெட்கள் ஓடும் என் சி++ புரோகிராமில் லாக் போட்டே அலுத்துவிட்டது. புராசஸரிலேயே 'டிரான்சாக்‌ஷனல் மெமரி' இருக்கிறதாமே, லாக்குகளைத் தூக்கி எறிந்துவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள், ஒரு லாக்காவது மிச்சம் இருக்கட்டும். இந்த வசதியில் த்ரெட் யாருக்காகவும் காத்திருக்காமல் வேலையைத் தொடங்கிவிடும். எழுதியவை கேச்சுக்குள் மறைவாக இருக்கும். மோதல் இல்லையென்றால் மொத்தமும் ஒரே வீச்சில் அமலாகும். அந்த த்ரெட் தொட்ட அதே 64 பைட் கேச் வரியில் இன்னொரு த்ரெட் எழுதிவிட்டால், செய்ததெல்லாம் ரத்து. மோதலே இல்லாமலும் ரத்தாகும்: கேச் போதாமல் போனாலும், இன்டரப்ட் வந்தாலும், நடுவில் நீங்கள் கெர்னலை அழைத்தாலும் போச்சு. ஒரு தடவையாவது வெற்றி பெறும் என்று இன்டெல்கூட உத்தரவாதம் தரவில்லை! எனவே நாலைந்து முறை முயன்றபின் பழைய லாக்குக்குத் திரும்பும் வழி கட்டாயம் வேண்டும். டிரான்சாக்‌ஷனுக்குள் நுழைந்ததும் அந்த லாக் காலியாக இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்.

அதற்கும் முன்னால், உங்கள் கணினியில் இது இருக்கிறதா? 1993-இல் ஹெர்லிஹியும் மாஸும் முன்வைத்த யோசனை, 2013-இல்தான் இன்டெல்லின் ஹாஸ்வெல் புராசஸர்களில் வந்தது. அடுத்த ஆண்டே பிழை கண்டு முடக்கினார்கள். 2019-இல் பாதுகாப்பு ஓட்டை வேறு வெளிப்பட்டது. ஐபிஎம்மும் தன் பவர்10 புராசஸரில் இதைக் கைவிட்டது. லினக்ஸில் சிபியு விவரப் பட்டியலில் 'ஆர்டிஎம்' என்ற கொடி இல்லையென்றால், இந்த ஆசையை விடுங்கள். பெரிய லாக்கைத் தரவுவாரியாகப் பிரியுங்கள், எண்ணிக்கைகளுக்கு அடாமிக் மாறிகளைப் பயன்படுத்துங்கள். பாதி அலுப்பு அதிலேயே தீரும்.