தரவின் உறைவிடம்

நுழையும்முன்

நீரை எங்கே தேக்குவது என்பது வைகைக்கரை மக்களின் பழைய வினா. தரவை எங்கே தேக்குவது என்பது கணினிக்காலத்தின் புதிய வினா. இரண்டிற்கும் விடை காணும் முறை ஒன்றே என்பதை இப்பாடம் உணர்த்துகிறது.

அணையும் கண்மாயும்

மதுரையின் மேற்கே, வைகையின் தென்கரையில் அமைந்த ஊர் கோச்சடை. அதனருகே மாடக்குளம் கண்மாய் உள்ளது. 1959இல் திறக்கப்பட்ட வைகை அணை பல ஊர்களுக்கும் பொது; கண்மாயோ அண்மையில் உள்ளோர்க்கு உரியது. அணைநீரை வேண்டிய இடத்திற்குத் திருப்பலாம். அணை வறண்டால் அனைவர்க்கும் தட்டுப்பாடு. கண்மாய்நீர் உடனே கைக்கு எட்டும். கரை உடைந்தால் அதை நம்பிய வயல்கள் வாடும். கணினித் தரவுக்கும் இவ்விரு வழிகள் உண்டு.

மெய்நிகர் கணினி

ஒரு சர்வரின் ஆற்றலை மென்பொருளால் பகுத்து, பல கணினிகள் தனித்தனியே இயங்குவதுபோல் அமைப்பதே மெய்நிகர் கணினி முறை. 1960களில் ஐ.பி.எம். பெருங்கணினிகளில் இது உருப்பெற்றது. மெய்நிகர் கணினியின் வட்டு பெரும்பாலும் ஒரு பெரிய கோப்பே. அக்கோப்பை எங்கே வைப்பது?

கோச்சடையில் ஒரு மருத்துவமனை இருப்பதாகவும், நோயாளர் பதிவு, ஆய்வகம், மருந்தகம் ஆகியவற்றுக்குரிய மெய்நிகர் கணினிகளை அது மூன்று சர்வர்களில் இயக்குவதாகவும் கொள்வோம்.

உள்ளகச் சேமிப்பகம்

சர்வருக்குள்ளேயே வட்டுகளைப் பொருத்துவது முதல்வழி. செலவு குறைவு, வேகம் மிகுதி, வலையமைப்பு பழுதுற்றாலும் வட்டு எட்டும் தொலைவில் இருக்கும். ஆனால், நள்ளிரவில் ஒரு சர்வர் நின்றுவிட்டால், வட்டுகள் நலமாக இருந்தும் தரவு உள்ளேயே சிறைப்படும். மற்ற இரு சர்வர்களும் அதனைப் படிக்க இயலா. பராமரிப்புக்காக மாற்றுவதும் எளிதன்று. நொடிக்கு 1 கிகாபிட் வேகமுள்ள வலையமைப்பில் அதிகமாகச் சென்றாலும் நொடிக்கு 125 மெகாபைட்டே செல்லும். 100 கிகாபைட் வட்டை நகர்த்த 800 நொடிகள், அதாவது 13 நிமிடங்களுக்கு மேல் ஆகும்.

பகிர்வுச் சேமிப்பகம்

எல்லாச் சர்வர்களும் வலையமைப்பின் வழியே ஒரே சேமிப்பகத்தை அணுகுவது இரண்டாம்வழி. ஒரு சர்வர் நின்றால் மற்றொன்று அதே வட்டைக் கொண்டு மெய்நிகர் கணினியை மீண்டும் தொடங்கும். பராமரிப்பின்போது நினைவகத்தில் உள்ளதை மட்டும் அனுப்பி, ஓடும் கணினியையே இடம் மாற்றலாம். எனினும், அச்சேமிப்பகம் பழுதுற்றால் மூன்று சர்வர்களும் ஒருசேர நிற்கும். இதைத் தவிர்க்கக் கட்டுப்பாட்டுக் கருவி, சுவிட்ச், இணைப்பு என ஒவ்வொன்றும் இரண்டு வேண்டும், செலவும் உயரும்.

இடைவழியும் உண்டு. ‘செஃப்’ போன்ற மென்பொருள்கள் சர்வர்களின் உள்வட்டுகளையே இணைத்துப் பொதுச் சேமிப்பகமாக்குகின்றன. மூன்று நகல்கள் வைத்தால், 12 டெராபைட் வட்டுகளில் 4 டெராபைட் தரவுக்கே இடம் கிடைக்கும். விரைவான வலையமைப்பும் தேவை.

பகிர்வு, பாதுகாப்பு ஆகாது

2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜான் நகர அரசுத் தரவு மையத்தில் தீப்பற்றியது. அரசு ஊழியர்கள் பொதுவாகப் பயன்படுத்திய ‘ஜி-டிரைவ்’ சேமிப்பகம் அழிந்தது. அதிலிருந்த 858 டெராபைட் தரவுக்கு வெளியிடத்தில் காப்புநகல் இல்லை. எந்தச் சேமிப்பகமாயினும் காப்புநகலுக்கு ஈடாகாது என்பதே இந்நிகழ்வு தரும் பாடம். தவறுதலாக அழித்த ஒரு பதிவு, மூன்று நகல்களிலிருந்தும் ஒரே நேரத்தில் அழிந்துவிடும் என்பதையும் மறத்தலாகாது.

தேர்ந்தெடுக்கும் முறை

பணி எவ்வளவு நேரம் தடைபடலாம்? எவ்வளவு தரவை இழக்கலாம்? பழுதைச் சரிசெய்ய அறிந்தவர் அருகில் உள்ளாரா? இவற்றுக்கு விடை கண்ட பின்னரே கருவியின் விலையையும் வேகத்தையும் நோக்குதல் வேண்டும். ஒரு சர்வர் மட்டுமே உள்ள சிறு மருத்துவமனைக்கு உள்ளகச் சேமிப்பகமும், நாள்தோறும் வேறிடத்தில் வைக்கும் காப்புநகலும் போதும். இரவில் வரும் நோயாளியின் ஒவ்வாமைக் குறிப்பு உடனே தெரிந்தாக வேண்டிய பெரிய மருத்துவமனைக்கு, அதன் நோயாளர் பதிவைப் பொறுத்தவரை, இரட்டைப் பாதைகளுடன் அமைந்த பகிர்வுச் சேமிப்பகமே தகும். அங்கும் காப்புநகல் கட்டாயமே.

கற்பவை கற்றபின்...

1. உம் பள்ளியின் தரவுகள் எங்குச் சேமிக்கப்படுகின்றன என்பதைக் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.
2. நொடிக்கு 10 கிகாபிட் வேகத்தில் 100 கிகாபைட் தரவை நகர்த்த ஆகும் குறைந்தபட்ச நேரத்தைக் கணக்கிடுக.
3. ‘பகிர்வும் பாதுகாப்பும் ஒன்றல்ல’ என்னும் கருத்தை நும் ஊர் நீர்நிலைகளோடு ஒப்பிட்டு வகுப்பில் கலந்துரையாடுக.