சவுத் கைபாப் பாதையில் தனியே ஒரு பகல் நடை

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கொலராடோ ஆறு அறுத்த பெரும்பள்ளம் கிராண்ட் கேன்யன். அதன் தெற்கு விளிம்பில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,210 மீட்டர் உயரத்தில் சவுத் கைபாப் பாதை தொடங்குகிறது. அருகிலுள்ள பிரைட் ஏஞ்சல் பாதையில் அந்தக் காலத்தில் சுங்கம் வசூலிக்கப்பட்டது. அதற்கு மாற்றாகத் தேசியப் பூங்கா நிர்வாகம் 1924-25இல் வெட்டிய வழி இது. பெரும்பகுதி முகட்டின் மேலேயே இறங்குவதால் நாலாபுறமும் காட்சி திறந்து கிடக்கிறது. அதே காரணத்தால் நிழல் மிகக் குறைவு; வழியில் தண்ணீர் அறவே கிடையாது.

மலை ஏறுகிறவர் களைத்தால் திரும்பி இறங்கிவிடலாம். இங்கே முறை தலைகீழ். காலையில் குளிர்ச்சியில், புது உற்சாகத்தில் இறங்குவது எளிது; வெயில் ஏறிய பின், கால் சோர்ந்த பின் ஏறியாக வேண்டும். இறங்க ஒரு மணி நேரம் ஆனால் ஏற இரண்டு மணி நேரம் என்று கணக்கிடுவது வழக்கம். தனியாகப் போகிறவரின் திட்டம் முழுவதும் இந்தக் கணக்கின்மேல்தான் நிற்க வேண்டும்.

முதலில் நாளும் எல்லையும். வசந்தமும் இலையுதிர் காலமும் ஏற்றவை. கோடையில் பள்ளத்தின் அடியில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். காலை 10 முதல் மாலை 4 வரை நடக்கவேண்டாம் என்று பூங்கா எச்சரிக்கிறது. ஜூலை முதல் செப்டம்பர் வரை பிற்பகல் இடிமழை வரலாம். வெட்டவெளியான முகட்டில் மின்னலுக்கு மறைவிடம் இல்லை. குளிர்காலத்தில் மேல்வளைவுகளில் பனி உறைந்திருக்கும், காலணியில் மாட்டும் முள்பட்டை தேவை.

எல்லைக்கு மூன்று இடங்கள் உண்டு. ஊ-ஆ முனை 1.4 கிலோமீட்டர். செடார் ரிட்ஜ் 2.4 கிலோமீட்டர், இறக்கம் சுமார் 340 மீட்டர். ஸ்கெலிட்டன் முனை 4.8 கிலோமீட்டர், இறக்கம் சுமார் 620 மீட்டர். போய்வர நான்கு முதல் ஆறு மணி நேரம். அதற்குக் கீழே ஆறுவரை இறங்கி அன்றே திரும்பும் ஆசையை விட்டுவிட வேண்டும். முதல்முறை வருபவருக்குச் செடார் ரிட்ஜே போதும்.

பகல் நடைக்கு அனுமதிச்சீட்டு வேண்டாம். ஆகவே யார் எங்கே போனார் என்ற பதிவு எங்கும் இருக்காது. பாதையின் பெயர், திரும்பும் இடம், வந்துசேரும் நேரம், எந்த நேரம்வரை தகவல் வராவிட்டால் பூங்காவை அழைக்க வேண்டும் என்பவற்றை நம்பகமான ஒருவருக்கு எழுதி அனுப்ப வேண்டும்.

பையில் ஸ்கெலிட்டன் முனைக்கு நான்கு லிட்டர் தண்ணீராவது இருக்கட்டும். தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருப்பதும் ஆபத்து: வியர்வையில் உப்பு போய், இரத்தத்தில் சோடியம் குறைந்து, வாந்தியும் குழப்பமும் வரும். உப்புக்கடலை, சிப்ஸ், பிஸ்கட் போன்றவற்றை இடையிடையே தின்பதே மருந்து. அகன்ற தொப்பி, முழுக்கைச் சட்டை, நெற்றி விளக்கு, விசில், கொப்புளத்துக்கு ஒட்டுப்பட்டை ஆகியவையும் வேண்டும். புதுக் காலணி கூடாது. கால்நகத்தை முன்பே வெட்டிவிடுவது நல்லது. இறக்கத்தில் நகம் காலணியில் இடித்தே பலருக்கு வலி தொடங்குகிறது.

பாதை தொடங்கும் இடத்துக்குச் சொந்தக் கார் போகாது. பூங்காவின் இலவசப் பேருந்தில் விடியலிலேயே சேர்ந்துவிட வேண்டும். இறங்கத் தொடங்கும் நேரத்தைக் குறித்துக்கொள்வது அவசியம். கோவேறு கழுதைகள் வந்தால் பள்ளத்தின் பக்கம் ஒதுங்காமல் மலைச்சுவரை ஒட்டி நின்று, ஓட்டுநர் சொல்வதைக் கேட்க வேண்டும். ஏறி வருகிறவர்களுக்கு இறங்குகிறவரே வழிவிட வேண்டும். படம் எடுக்கையில் பின்னால் அடி வைக்கவே கூடாது.

செடார் ரிட்ஜில் கழிப்பறை உண்டு. முடிவெடுக்கும் இடமும் அதுதான். தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்திருந்தாலோ, ஒதுக்கிய நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு கழிந்திருந்தாலோ அங்கேயே திரும்ப வேண்டும். கொலராடோ ஆறு முதன்முதலில் கண்ணில் படுவது ஸ்கெலிட்டன் முனையில்தான். இன்னும் கொஞ்சம் என்று காலை இழுப்பது அந்த ஆசைதான்.

ஏறும்போது பேசமுடியும் அளவுக்கு மெதுவாக நடக்க வேண்டும். பேச்சுத்துணை இல்லாதவர் ஒரு வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லிப்பார்க்கலாம். மூச்சு அறுந்தால் வேகம் அதிகம். அரைமணிக்கொருமுறை நிழல் கிடைக்கும் இடத்தில் உட்கார்ந்து, காலை உயர்த்தி, ஏதாவது தின்ன வேண்டும். தலைச்சுற்றல், குமட்டல், தடுமாற்றம் வந்தால் நின்றுவிட வேண்டும். தன் குழப்பம் தனக்குத் தெரியாமல் போவதே தனிநடையின் பெரிய ஆபத்து. ஆகவே முதல் அறிகுறியிலேயே கடந்துசெல்பவரை நிறுத்திச் சொல்லிவிட வேண்டும். குறுக்குவழி தேடிப் பாதையை விட்டு விலகக் கூடாது. கைப்பேசிச் சமிக்ஞையை நம்ப முடியாது. கிடைத்தால் அவசர எண் 911.

மேலே வந்ததும் முதல் வேலை, தகவலுக்குக் காத்திருப்பவருக்குச் சொல்வது. மறந்தால், பேருந்தில் போய்க்கொண்டிருப்பவரைத் தேடி மீட்புக் குழுவினர் பள்ளத்தில் இறங்கிவிடுவார்கள்.