விறைத்த விரலும் சம்பள வேலையும்

கேள்வி: நாள்பட்ட நோய் வந்தால் ஆணுக்கும் வேலை போகிறது, பெண்ணுக்கும் போகிறது. பெண்களைத் தனியாகப் பேசுவது ஏன்?

பதில்: முடக்குவாதத்தையே எடுத்துக்கொள்வோம். ஆண்களைவிட இரண்டு, மூன்று மடங்கு பெண்களுக்கு இது வருகிறது. பெரும்பாலும் சம்பாதிக்கும் வயதில். விடிந்ததும் விரல்கள் மடங்காமல் விறைத்து நிற்கும், ஒரு மணி நேரத்துக்கும் மேல். அந்த நேரத்தில்தான் மாவு பிசைய வேண்டும், டிபன் பாக்ஸ் மூடியைத் திருக வேண்டும், பிள்ளைக்குத் தலை பின்ன வேண்டும். 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் தன் வீட்டு வேலையைப் பார்க்கும் பெண் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுகிறார். ஆண் 97 நிமிடம். இருக்கும் தெம்பு அங்கேயே தீர்ந்துவிட்டால், கைவிட முடிவது சம்பள வேலையைத்தான். மூட்டை தூக்குகிறவருக்கு இழப்பு இதைவிடப் பெரிதில்லையா என்பீர்கள். நியாயம்தான், இடுப்பு போனால் அன்றோடு கூலி போயிற்று. ஆனால் அவர் நின்றது நோயால் என்று ஊரே சொல்லும். பெண் நின்றால் ‘வீட்டைப் பார்த்துக்கொள்ள நின்றுவிட்டாள்’ என்பார்கள். நோய் கணக்கிலேயே வராது. சட்டம் இருக்கிறதே? இஎஸ்ஐ என்னும் தொழிலாளர் காப்பீட்டில் நோய்க்காக ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும், உண்மை. நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவரிடம் இஎஸ்ஐ அட்டை இருப்பது அரிது.