பாயின்ட்டில் பயணச்சீட்டு

கிரெடிட் கார்டு பாயின்ட்டை வைத்து விமான டிக்கெட் எடுக்கப் போகிறீர்களா? முதலில் விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் அதே டிக்கெட்டின் விலையைப் பாருங்கள். அங்கே 5,200 ரூபாய், வங்கித் தளத்தில் 6,000 என்றால், ‘இலவசத்தில்’ 800 ரூபாய் அப்போதே போச்சு! ஒரு பாயின்ட்டின் மதிப்பும் இடத்துக்கு இடம் மாறும். பரிசுப்பொருள் பட்டியலில் பெரும்பாலும் அடிமாட்டு விலைதான்.

ரயிலில் போகிறவர்களுக்குக் கணக்கு எளிது. ஐஆர்சிடிசி எஸ்பிஐ கார்டில் ஒரு பாயின்ட், டிக்கெட்டுக்கு ஒரு ரூபாய். கார்டை ஐஆர்சிடிசி கணக்குடன் இணைத்திருக்க வேண்டும்.

சில வங்கிகள் பாயின்ட்டை மாற்றக் கட்டணமும், அதன்மேல் 18% ஜிஎஸ்டியும் பிடிக்கும். டிக்கெட்டை ரத்து செய்தால் பாயின்ட் திரும்புமா என்பதையும் முன்பதிவுக்கு முன்பே படித்துவிடுங்கள். பாயின்ட்டின் காலாவதித் தேதி, மாதாந்திர ஸ்டேட்மென்ட்டிலோ வங்கிச் செயலியிலோ இருக்கும்.