முதலில் துடிப்பை எண்ணு

புதுச்சேரி

அன்புள்ள கயல்,

ப்ராஜெக்டுக்கு 'மூளையில்லா உயிரின் அறிவு' என்று தலைப்பு வைத்திருப்பதாக எழுதியிருக்கிறாய். ஸ்லைம் மோல்டைத் தேர்ந்தெடுத்தது நல்லது. தலைப்பில்தான் அவசரப்பட்டுவிட்டாய்.

2000-ல் ஜப்பானில் நாககாகி குழுவினர் புதிர்ப்பாதையின் இரு வாயிலிலும் ஓட்ஸ் வைத்தார்கள். உள்ளே பரவியிருந்த பைசேரம் பாலிசெபாலம் என்ற ஸ்லைம் மோல்ட் சுற்றுவழிகளைக் கைவிட்டு, குறுக்குவழியில் மட்டும் குழாய் நீட்டி நின்றது. நீ மயங்கியது இதில்தானே? அது எப்படி நடந்தது என்று கேள்.

அந்த உயிர் முழுவதும் ஒரே செல். உள்ளே எண்ணற்ற உட்கருக்கள். குழாய்ச் சுவரில் நம் தசையில் உள்ளது போன்ற ஆக்டினும் மயோசினும் இருக்கின்றன. கால்சியம் ஏறி இறங்க, சுவரும் சுருங்கி விரிகிறது. உள்ளிருக்கும் கூழ் ஒரு பக்கம் ஓடும், நிற்கும், திரும்பி ஓடும். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 100 விநாடி. உணவு பட்ட இடத்தில் துடிப்பு வேகமாகும். ஆகாதது பட்டால் மெதுவாகும். ஓட்டம் மிகுந்த குழாய் பருக்கிறது, குறைந்தது இளைத்து மறைகிறது. உத்தரவு போட யாருமில்லை. உடல் சிறிதோ பெரிதோ, சுருக்க அலை அதன் முழு நீளத்துக்கும் தன்னைப் பொருத்திக்கொள்கிறது என்று 2013-ல் கேரன் ஆலிம் குழுவினர் காட்டினார்கள்.

ஐப்பசி மழை பிடித்ததும், 1826-ல் பிரெஞ்சுக்காரர்கள் அமைத்த நம் தாவரவியல் பூங்காவுக்குப் போ. அனுமதி வாங்கிக்கொண்டு, மக்கிய பட்டைகளைப் புரட்டிப் பார். மஞ்சளாய்ப் படர்ந்ததெல்லாம் பைசேரம் அல்ல, ஃபுலிகோ என்ற இன்னொரு ஸ்லைம் மோல்டும் மஞ்சள்தான். பெயர் சொல்ல அவசரப்படாதே. காய்ந்து பொடியானதை விட்டுவிடு, அதில் ஓட்டம் இருக்காது. ஈரமாய் இருப்பதில் துளி எடுத்து அகார் தட்டில் வைத்து, ஓட்ஸ் போட்டு இருட்டில் மூடி வை. படர்ந்ததும் நுண்ணோக்கியில் ஒரே குழாயைப் பார்த்துக்கொண்டிரு. நீல வெளிச்சம் அதற்கு ஆகாது. விளக்கின்மேல் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டு. ஓட்டம் திரும்பும் ஒவ்வொரு தடவையும் நேரத்தைக் குறி. பிறகு ஒரு ஓரத்தில் ஓட்ஸ் வைத்துவிட்டு மறுபடி எண்ணு.

'உணவு பட்டால் துடிப்பு எத்தனை விநாடி மாறுகிறது?' இதையே தலைப்பாக வை. அறிவு என்ற சொல்லைக் கடைசிப் பக்கத்தில் வேண்டுமானால் எழுது. வைவாவில் எக்ஸ்டர்னல் 'எப்படிச் சொல்கிறாய்?' என்று மடக்கும்போது, நீட்டிக் காட்ட உன்னிடம் கணக்கு இருக்கும்.

அன்புடன்,
மாமா